நட்சத்திர மீனைத் தூக்கிப் பிடித்த அந்தப் படம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அந்தமான் கடலில் ஸ்கூபா டைவிங், அதாவது முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் பக்கத்தின் நடுவில் ஒரு படம் போட்டிருந்தீர்களே, ஒருவர் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு நட்சத்திர மீனை உலகக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாரே, அதைப் பார்த்ததும் பகீரென்றது. கையில் இருப்பதை விடுங்கள், அவர் எதன் மேல் நிற்கிறார் என்று பார்த்தீர்களா? அது பாறை இல்லை. உயிரோடு இருக்கிற பவளம்.

வேறு சமயமாக இருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு சோலியைப் பார்க்கப் போயிருப்பேன். என் காலும் அதே காரியத்தைச் செய்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. போர்வெல் மோட்டார், கம்ப்ரஸர், கூடவே பைப் வேலையும் பார்ப்போம். வயது 56. கடலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் திருச்செந்தூரில் வருடம் ஒருமுறை முங்கி எழுவதும், கூட்டாளி ஒருவரோடு உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய்வருவதும்தான். சென்னையில் வேலை பார்க்கிற மகள் போன பிப்ரவரியில் கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டாள். நெல்லை எக்ஸ்பிரஸ், அப்புறம் சென்னையிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. ரெண்டு ஊருக்கும் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் அங்கே எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். வீட்டம்மா தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. "நீங்களும் பிள்ளையும் போங்க, எனக்கு மேல இருக்கிற காத்தே போதும்" என்று முறுக்குப் பொட்டலத்தோடு கரையில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் தாமிரபரணியில் நீச்சல் பழகியவன். குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறைப் பக்கம் சின்ன வயசில் எங்களுக்கு இருந்த ஒரே போட்டி, முங்கி யார் அதிக நேரம் கிடப்பது என்பதுதான். ஒருத்தன் கரையில் நின்று எண்ணுவான், வேண்டியவனுக்கு வேகமாகவும் வேண்டாதவனுக்கு மெதுவாகவும் எண்ணுவான், அது வேற கதை. மூச்சை இழுத்துப் பிடி, கன்னத்தை உப்பு, முங்கு. எனக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். ஸ்கூபாவில் முதல் பாடமே நேர் எதிர்: என்ன ஆனாலும் மூச்சைப் பிடிக்காதே.

சொல்லிக்கொடுத்தவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார், நான் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, சிலிண்டர் தூக்குகிற பையன் தமிழ்ப் பையன். அங்கேயே பிறந்தவன், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து போனவர்களாம். "அண்ணே, தூங்கும்போது எப்படி மூச்சு விடுவீங்களோ அப்படியே விடுங்க, நிறுத்தாதீங்க, அவ்ளோதான்" என்றான். அரை மணி நேர வகுப்பில் எனக்கு ஏறியது அது ஒன்றுதான்.

ஏன் பிடிக்கக்கூடாது என்பது மட்டும் தொழில் காரணமாக எனக்குச் சட்டென்று புரிந்தது. பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ பிரஷர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை ஒரு கிலோ எடை அமுக்குகிற மாதிரி. பைப் வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார், மாடித் தொட்டி உயரத்தை வைத்து நாங்கள் அன்றாடம் போடுகிற கணக்கு இது. தரையில் நிற்கும்போதே நம் மேல் காற்றின் பிரஷர் ஒரு கிலோ இருக்கிறது, பத்து மீட்டர் ஆழத்தில் அது ரெண்டாகிவிடும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது ரெண்டு மடங்கு இடம் கேட்கும். மூச்சை விட்டுக்கொண்டே பைய வந்தால் அது பாட்டுக்கு வெளியே போய்விடும், பிடித்துக்கொண்டு விருட்டென்று ஏறினால் நுரையீரல் கிழிந்துபோகும். குறுக்குத்துறை முங்கலில் இந்த வம்பு கிடையாது, ஏனென்றால் மேலே இழுத்த காற்றோடு போய் அதே காற்றோடுதான் திரும்புகிறோம், அடியில் புதுக் காற்று எதையும் நிரப்பிக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் உங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம். 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்று நாலு இடத்தில் இருக்கிறது. அதில் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை, நாம் இப்போது இழுக்கிற இதே காற்றுதான், வடிகட்டி, ஈரம் எடுத்து, அமுக்கி அடைத்தது. சுத்த ஆக்ஸிஜனை மாட்டிக்கொண்டு இறங்கினால் ஆறேழு மீட்டரைத் தாண்டும்போதே அது உடம்புக்கு விஷமாகி வலிப்பு வரலாம். சிலிண்டரின் பிரஷர் மீட்டரில் 200 பார் காட்டியது, ஒரு பார் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ பிரஷர்தான். பஞ்சர் கடை கம்ப்ரஸர் எட்டு பத்து கிலோவில் நின்றுவிடும், அதோடு மாரடித்துப் பழகிய எனக்கு இருநூறை முதுகில் கட்டிக்கொண்டு மணலில் நடக்கும்போது கொஞ்சம் வெலவெலத்தது. ஆனால் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற அந்த ரெகுலேட்டர் இருக்கிறதே, அதுதான் என்னை அசத்திவிட்டது. இருநூறை முதலில் பத்துச் சொச்சத்துக்கு இறக்குகிறது, அப்புறம் வாய்ப் பக்கத்தில் நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அதற்குச் சரியாக இறக்கி, நாம் இழுக்கும்போது மட்டும் திறந்து மூடுகிறது. கரண்ட் இல்லை, சுவிட்ச் இல்லை, ஒரு டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் லீவரும்தான். ஒன்றைக் கழற்றிப் பார்க்கத் தருவீர்களா என்று கேட்டேன். தரவில்லை.

இன்னொன்று, 'நீச்சல் தெரியாதவர்களும் தாராளமாகப் போகலாம்' என்று எழுதியிருக்கிறார். எங்களை மாதிரி ஒரு தடவை இறங்குகிறவர்களை ஒருவர் கையோடு பிடித்துத்தான் கூட்டிப்போகிறார், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது, அதனால் சொல்வது உண்மைதான். ஆனால் முறையாகக் கற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் 200 மீட்டர் நீந்திக்காட்ட வேண்டும், பத்து நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். கோடை வந்தால் ஆற்றில் மூழ்கிச் செத்த பிள்ளைகள் செய்தியைப் போடுகிற அதே பேப்பரில் நீச்சல் வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, இறங்கிய கதைக்கு வருகிறேன். நீமோ ரீஃப் என்று கரையிலிருந்தே நடந்து இறங்குகிற இடம். மாஞ்சோலை மலை ஏறும்போது காது அடைக்குமே, அந்த அடைப்பு இங்கே ரெண்டாவது மீட்டரிலேயே வந்துவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பைய ஊதினால் டொப்பென்று திறக்கும். வலிக்கும் முன்னால் ஊத வேண்டும், வலித்த பிறகு ஊதினால் பலனில்லை, ஒரு மீட்டர் மேலே ஏறித்தான் ஊத வேண்டும். இதில் ஒரு கூத்து. நல்லா இருக்கு என்று சொல்ல நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், சொல்லிக்கொடுத்தவர் என்னை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கட்டைவிரலைத் தூக்கினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம், சொல்லித்தந்திருக்கிறார், எனக்குத்தான் நினைவில்லை.

ரெண்டாவது தடவை இறங்கி ஒரு இடத்தில் மண்டியிட்டு நின்றதும் முதலில் கண்ணில் பட்டது என் கைதான். மணிக்கட்டில் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு கறுத்துப்போய் ஏதோ பழைய செருப்பு வார் மாதிரி இருந்தது. தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்புதானாம். அவர் டார்ச்சை அடித்தார், கயிறு நேற்றுக் கட்டியது போல் பளிச்சென்று சிவந்தது. வெளிச்சத்தை எடுத்தார், மறுபடி கறுப்பு. இதையே நாலு தடவை செய்யச் சொல்லிச் சைகை காட்டினேன். பக்கத்தில் அத்தனை மீன் போய்க்கொண்டிருக்க இந்த மனுஷன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்திருப்பார்.

அப்புறம் சத்தம். கடலுக்கு அடியில் அமைதியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், இல்லவே இல்லை. எந்நேரமும் யாரோ பக்கத்து வீட்டில் கடுகு தாளித்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு படபடப்பு. ஒரு வகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம் அது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்கு வேகமாகப் போவதால் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அதற்கு நடுவில் 'கறுக் கறுக்' என்று வேறொன்று. திரும்பிப் பார்த்தால் கிளிமீன். பச்சையும் ஊதாவுமாக, கிளி மூக்கு மாதிரியே வாய், பவளத்தின் மேல் இருக்கிற பாசியைக் கல்லோடு சேர்த்துக் கடித்து அரைக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வெள்ளையாகப் புகை மாதிரி விட்டுவிட்டுப் போனது. மணல்! பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படிக் கழிக்குமாம். வீட்டம்மா முறுக்கு தின்றுகொண்டிருந்த அந்த வெள்ளை மணலில் பாதி எங்கிருந்து வந்தது என்பதை அவளிடம் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னேன்.

கோமாளி மீனைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் விடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போய்விட்டது. ஒரு கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது அதன் புருஷன், மற்றவை பொடிசுகள். அந்தப் பெண் செத்தால் புருஷன்காரன் பெண்ணாக மாறிவிடும், பொடிசுகளில் மூத்தது புருஷனாகும். எனக்கு அதைவிடப் பிடித்தது முடிவெட்டுகிற கடை. நம்ம சந்தையில் வாங்குகிற களவா மாதிரி ஒன்று, முழ நீளம் இருக்கும், வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறது. நீலக் கோடு போட்ட விரல் நீள மீன் ஒன்று அதன் வாய்க்குள்ளேயே போய், பல்லிடுக்கு, செவுள் எல்லாம் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வருகிறது. பின்னால் இன்னும் ரெண்டு மீன் தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. பெரிதாக ஒரு கடி கடித்தால் அந்தக் குட்டி காலி, ஆனால் கடிப்பதில்லை.

மணலில் ஒரு கடல் அட்டை கிடந்தது, முழங்கை நீளம், பார்க்க ஒன்றும் அழகில்லை. மணலை விழுங்கி, அதிலிருக்கும் அழுக்கைத் தின்றுவிட்டு, சுத்த மணலை வெளியே தள்ளும், வயலில் மண்புழு பார்க்கிற வேலைதான். 2001-லிருந்து இதைப் பிடிக்கத் தடை. தூத்துக்குடியில் கடல் அட்டை பறிமுதல் என்று உங்கள் பேப்பரில் நான் எத்தனை தடவை படித்திருப்பேன், அது உயிரோடு என்ன செய்துகொண்டிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி என் கால் கதை. ஏறப்போகிற நேரம். மகளின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, கூட வந்தவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் திரும்பினார், ரெண்டு விநாடிதான். எனக்கு உடம்பு லேசாகச் சாய்ந்தது, உடனே காலை ஊன்றப் போனேன். ஆற்றில் பழகிய கால் அது, தடுமாறினால் தரையைத் தேடும். தரை இருந்த இடத்தில் மான்கொம்புப் பவளம். சத்தமே கேட்கவில்லை. காலில் மாட்டியிருந்த துடுப்பின் ஓரம் பட்டு விரல் நீளத்துக்கு ஒரு கிளை முறிந்து பையச் சுழன்றுகொண்டே மணலில் விழுந்தது. முறிந்த இடம் அப்போதுதான் உடைத்த தேங்காய் மாதிரி வெள்ளை.

அந்தக் கிளை முழுக்க ஊசிமுனை அளவு ஜீவன்கள், ஆயிரக்கணக்கில், கூட்டுக் குடும்பமாக, தாங்களே சுரந்த சுண்ணாம்பில் வீடு கட்டிக் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பாசி, அதுதான் சோறும் போடுகிறது நிறமும் கொடுக்கிறது. மான்கொம்பு கொஞ்சம் வேகமாக வளரும் வகை, எல்லாம் தோதாக இருந்தால் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் போல. குண்டாக உருண்டையாக இருக்கிற வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அந்தப் படத்தில் உங்கள் ஆள் ரெண்டு காலையும் ஊன்றி நிற்பது அந்த உருண்டை வகை மேல்தான் என்று நினைக்கிறேன்.

மேலே வந்து சிலிண்டரைக் கழற்றும்போது அந்தப் பையனிடம் மட்டும் சொன்னேன். "நின்னுட்டீங்களாண்ணே? எல்லாரும் நிப்பாங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நட்சத்திர மீன் சங்கதியும் அங்கேதான் நடந்தது. எங்களைக் கூட்டிப்போன கடைக்காரர்களே ஒன்றை எடுத்துவந்து, இறங்கி ஏறிய ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எங்கள் குழுவில் எட்டுப் பேர். வெயிலில் அது கை மாறிக்கொண்டே இருந்தது. அதற்கு நுரையீரல் கிடையாது, தோலில் இருக்கிற சின்னச் சின்ன நீட்டல்களும் அடியில் இருக்கிற குழாய்க் கால்களும் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் மூச்சு. என்னிடம் வரும்போது அதன் கால்கள் தளர்ந்து தொங்கின. நான் வாங்கி நேரே தண்ணீருக்குள் வைத்துவிட்டேன். படம் கெட்டுப்போனது என்று போட்டோக்காரருக்கு வருத்தம், மகளுக்கும் கொஞ்சம். காசு கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், அதனால் எடுக்கிறோம் என்றார்கள். கேட்கிறவர்கள் ஏன் கேட்கிறார்கள்? எங்கேயோ இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள்.

இதெல்லாம் அந்தமான் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1986-ல் தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்தது எல்லாருக்கும் தெரியும், அதே வருடம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே மகள் போனில் தேடிக் காட்டித்தான் தெரியும். 117 வகைப் பவளம் இருக்கிறதாம். 1989-ல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் கன்னியாகுமரி வரை நீள்கிறது, அப்படிப் பார்த்தால் நம்ம உவரியும் இடிந்தகரையும் அதற்குள்தான். கடலுக்குள் இருக்கிற பாறைத் தட்டைக் கடற்கரைக்காரர்கள் 'பார்' என்பார்கள், எந்தப் பாரில் எந்த மீன் கிடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. தூத்துக்குடியில் கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி முத்துச்சிப்பி அள்ளியதும் இந்தப் பார்களில்தான், கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நான் காசு கட்டிக் கற்றுக்கொண்டதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலிருந்து இங்கே கடலுக்கு அடியில் போய்வருகிற ஆட்கள் அவர்கள்.

அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தை நாம் என்ன செய்தோம்? வெட்டி எடுத்துத் தோணி தோணியாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கு எரித்தோம். 2001-ல் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தார்கள், அதற்குப் பிறகும் சில வருடம் ஒளித்து மறைத்து நடந்தது, சுனாமி வந்த பிறகுதான் ஓய்ந்தது. பவளம்தான் அலைக்குத் தடுப்புச் சுவர், சுவர் போனதும் அலை நேரே தீவில் வந்து அடித்தது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று ரெண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. இன்னமும் 21 என்றுதான் எழுதுகிறோம், வெளியே தெரிவது 19. வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால் 2015-லிருந்து ஓட்டை போட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள், தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த வேலையில் இருக்கிறார்கள். அதற்கிடையில் கடல் சூடு வேறு. வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே உள்ளேயிருக்கும் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். 2010, 2016, 2024 என்று வெளுத்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கடலைப் பற்றி எழுதுங்கள், நிறைய எழுதுங்கள், ஆனால் பவளத்தின் மேல் நிற்கிற படத்தையும் கடல் பிராணியை வெளியே தூக்கிப் பிடிக்கிற படத்தையும் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு மன்னார் வளைகுடாவைப் போடுங்கள், சங்கு குளிக்கிறவர் ஒருவரிடம் பேசுங்கள், அந்தமான் பக்கத்தைவிட அது ருசியாக இருக்கும். பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் கூட்டிப்போகிறது, அதையும் எழுதினால் நெல்லைப் பள்ளிக்கூடங்கள் டூர் என்றால் கொடைக்கானல் என்று போவதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். தூத்துக்குடித் தீவுகளிலும் ஸ்கூபா கடை திறங்கள் என்று மட்டும் யாரையும் எழுதவிடாதீர்கள். என்னை மாதிரி தரை தேடுகிற கால்கள் இங்கே ஏராளம்.

கடைசியாக ஒன்று. இருபத்தைந்து வருடம் முன்னால் தூத்துக்குடியில் ஒரு பழைய வீட்டில் பைப் போடப் போயிருந்தோம். சுவரைத் துளைத்தால் செங்கல் தூள் சிவப்பாக வரவேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது, டிரில் மாவில் இறங்குவது போல் இறங்கியது. பெயர்ந்து விழுந்த ஒரு துண்டைத் துடைத்துப் பார்த்தால், கோலப்பொடியில் புள்ளி வைத்த மாதிரி முழுக்கச் சின்னச் சின்னப் பூ. "கடல் கல்லுவே, தீவுல இருந்து வந்தது" என்றார் கூட இருந்த கொத்தனார். அழகாக இருந்ததால் கொண்டுவந்து கடை மேஜையில் பில் புத்தகம் பறக்காமலிருக்க வைத்தேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு ஜீவன் இருந்த வீடு என்று இப்போதுதான் தெரிகிறது. கூடவே, அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாக இருக்கும் என்கிறாள் மகள். எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதுவரை பெயர் போடாமல் எழுதுவதை மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மோட்டார் கடைக்காரர்,
பாளையங்கோட்டை